எஞ்சின் வந்தாச்சா? தேஜஸ் பற்றி வாசகர் கேள்வி - பதில்

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் கடைசி மிக்-21 விமானங்களுக்கு விடைகொடுத்தார்கள். 42 ஸ்குவாட்ரன் (போர் விமான அணி) இருக்க வேண்டிய விமானப்படையில் அன்றைக்கு மிச்சம் 29. அந்த இடத்துக்கு வர வேண்டிய உள்நாட்டுப் போர் விமானம் தேஜஸ் மார்க்-1ஏ எங்கே என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கே: 1983-ல் ஆரம்பித்த திட்டம். ஒரு விமானம் செய்ய நாற்பது வருடமா? (திருச்சி வாசகர்)

ப: இரண்டு தாமதங்களை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். அவிழ்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

முதலாவது, வடிவமைப்பில் வந்த தாமதம். 1983-ல் அனுமதி. 1984-ல் பெங்களூரில் ஏ.டி.ஏ. என்ற விமான மேம்பாட்டு முகமை. 2001 ஜனவரி 4-ல் முதல் பறப்பு. 2016 ஜூலையில் முதல் ஸ்குவாட்ரன். 2019 பிப்ரவரியில் முழு இயக்க அனுமதிச் சான்று. இந்தக் கணக்கு அதோடு முடிந்தது. இதற்கு முன் நாம் செய்த போர் விமானம் 1961-ல் பறந்த மாருத். அதற்குப் பிறகு புதிய போர் விமானம் எதையும் வரையாததால், அதைச் செய்தவர்கள் ஓய்வுபெற்றுப் போன பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. ஒன்று கவனித்தீர்களா? மாருத்தைக் கெடுத்ததும் எஞ்சின்தான். அதற்காக நினைத்திருந்த சக்திவாய்ந்த எஞ்சின் வரவே இல்லை. சக்தி குறைந்த ஆர்ஃபியஸ் 703-ஐப் போட்டு ஓட்டினார்கள்.

இரண்டாவது, தயாரிப்பில் வரும் தாமதம். இதுதான் இப்போது நடப்பது. 2021 பிப்ரவரியில் 83 மார்க்-1ஏ விமானங்களுக்கு (73 ஒற்றை இருக்கை, 10 பயிற்சி விமானம்) சுமார் 48,000 கோடி ரூபாய்க்கு அரசு விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல்.-உடன் ஒப்பந்தம் போட்டார்கள். முதல் விமானம் 2024 மார்ச்சில் கைக்கு வர வேண்டும். 2025 அக்டோபர் வரை ஒன்றுகூட விமானப்படைக்கு வரவில்லை. நாற்பது வருடத்தைச் சொல்லிக் கேலி செய்வதைவிட இந்த ஒன்றரை வருடத்தைக் கேட்பதுதான் இன்றைக்கு உதவும்.

கே: சூலூரில் எங்கள் தலைக்கு மேல் தினமும் தேஜஸ் பறக்கிறது. இன்னும் வரவில்லை என்கிறீர்களே? (சூலூர் வாசகி)

ப: உங்கள் தலைக்கு மேல் பறப்பது மார்க்-1. 2006-லும் 2010-லும் இருபது இருபதாக ஆர்டர் கொடுத்த 40-ல் சேர்ந்தவை. 45-வது, 18-வது ஸ்குவாட்ரன்கள் அவற்றை வைத்திருக்கின்றன. மார்க்-1ஏ வெளியில் பார்க்க அதே ஜாடைதான், மாற்றம் உள்ளே. பழையதில் ரேடாரின் ஆன்டெனா இயந்திரத்தால் திரும்பும். புதியதில் ஏசா ரேடார்: ஆன்டெனா அசையாது, கதிர் மட்டும் மின்னணு முறையில் திரும்பும். இதோடு எதிரி ரேடாரைக் குழப்பும் ஜாமர், புதிய பறப்புக் கட்டுப்பாட்டுக் கணினி எல்லாம் உண்டு.

கே: பணம் கட்டியாகிவிட்டது. அமெரிக்க கம்பெனி எஞ்சினைக் கொடுக்காமல் இழுத்தடித்தது எதனால்? ஏதாவது அரசியலா? (மதுரை வாசகர்)

ப: அரசியலைவிடப் பட்டறைக் கணக்குதான் அதிகம் என்பது எங்கள் எண்ணம். தேதிகளை வரிசையாக வையுங்கள்.

தேஜஸில் இருப்பது அமெரிக்காவின் ஜி.இ. நிறுவனம் செய்யும் எஃப்404-ஐஎன்20 எஞ்சின். முழு வேகத்தில் சுமார் 84 கிலோநியூட்டன் உந்துவிசை. முதல் 40 விமானங்களுக்கும் சோதனை விமானங்களுக்குமாக 65 எஞ்சின்கள் வாங்கினோம். 2016-ல் அவற்றைக் கொடுத்து முடித்தார்கள். அடுத்த ஆர்டர் கையில் இல்லை. ஆர்டர் இல்லாத லைனை எந்த முதலாளி ஓட்டுவான்? மூடிவிட்டார்கள். நாம் 99 எஞ்சினுக்கு 5,375 கோடி ரூபாய் ஆர்டர் கொடுத்தது 2021 ஆகஸ்டில். நடுவில் ஐந்து வருடம்.

லைனை மூடுவது என்றால் ஷட்டரை இழுத்துவிடுவது மட்டும் இல்லை. எஞ்சின் கம்பெனி பெரும்பாலான பாகங்களைத் தானே செய்வதில்லை. நூற்றுக்கணக்கான சிறு ஆலைகளிடம் வாங்குகிறது. ஒருவர் டிஸ்க் ஃபோர்ஜிங் அடிப்பார், ஒருவர் காஸ்டிங் ஊற்றுவார், ஒருவர் கோட்டிங் மட்டும் போடுவார். ஆர்டர் நின்றதும் அந்த டையும் (அச்சு) ஜிக்கும் (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் சட்டம்) மூலைக்குப் போகும், மெஷின் வேறு வேலைக்குத் திரும்பும், அந்தப் பாகத்தின் கைப்பக்குவம் தெரிந்த ஆபரேட்டர் வேறு இடத்துக்குப் போய்விடுவார். திரும்ப ஆரம்பிக்கும்போது, முன்பு செய்த அதே பாகமாக இருந்தாலும் முதல் உருப்படி ஆய்வு புதிதாக நடக்க வேண்டும். ஒவ்வோர் அளவும் அளந்து, ஒரு மாதிரியை வெட்டி உள்ளே உலோக அமைப்பைப் பார்த்து, தாளில் கையெழுத்தான பிறகுதான் அடுத்த உருப்படி. இது கோவிட்டுக்குப் பிறகு நடந்தது. பயணிகள் விமான எஞ்சின்களுக்கும் அதே காஸ்டிங், அதே ஃபோர்ஜிங் வேண்டும். அங்கே ஆயிரக்கணக்கில் ஆர்டர், இங்கே 99. நீங்கள் சப்ளையராக இருந்தால் யாருக்கு முதலில் கொடுப்பீர்கள்?

முதல் எஞ்சின் 2025 மார்ச்சில் புறப்பட்டது. ஆனால் முதல் மார்க்-1ஏ 2024 மார்ச் 28-லேயே பெங்களூரில் பறந்துவிட்டது. கையில் இருந்த பழைய எஞ்சினைப் போட்டுத்தான் பறக்கவிட்டார்கள். உடம்பு தயார், இதயம் இரவல்.

ஜி.இ. தாமதித்தது உண்மை. ஆனால் 2016-க்கும் 2021-க்கும் நடுவே பத்து, இருபது எஞ்சின் ஆர்டர் கொடுத்து அந்த லைனை உயிரோடு வைத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. 83 விமானத்துக்குப் பேச்சுவார்த்தை முடியட்டும், பிறகு எஞ்சின் வாங்கலாம் என்று காத்திருந்தது நம் பக்கத்துப் பிழை. அந்தப் பாடம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 25-ல் இன்னும் 97 விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆனது. நவம்பர் 7-லேயே 113 எஞ்சினுக்கு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இந்த எஞ்சின்கள் 2027 முதல் 2032 வரை வர வேண்டும்.

(83 விமானத்துக்கு 99 எஞ்சின், 97-க்கு 113. இரண்டிலும் உபரி 16. தேஜஸுக்கு ஒற்றை எஞ்சின் என்பதால் எஞ்சின் பழுதுபார்க்கப் போனால் விமானம் கொட்டகையில் நிற்கும். அதற்கான கையிருப்பு இது.)

கே: காவேரி எஞ்சின் என்ன ஆனது? ராக்கெட் விடுகிறோம், ஒரு ஜெட் எஞ்சின் செய்ய முடியவில்லையா? (நாகர்கோவில் வாசகர்)

ப: ராக்கெட் எஞ்சின் சில நிமிடம் எரிந்தால் போதும், அதோடு அதன் ஆயுசு முடிந்தது. போர் விமான எஞ்சின் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட வேண்டும், ஒரே பறப்பில் பலமுறை சீறி அடங்க வேண்டும். இரண்டையும் ஒப்பிடுவது நியாயமில்லை.

பெங்களூரில் உள்ள அரசு எஞ்சின் ஆய்வகம் ஜி.டி.ஆர்.இ. செய்த காவேரிக்கு இலக்கு சுமார் 81 கிலோநியூட்டன். எட்டியது 70 பக்கம். எடையும் கூடிப்போனது. 2008-ல் தேஜஸிலிருந்து அதைப் பிரித்துவிட்டார்கள். 2010-ல் ரஷ்யாவில் ஐ.எல்.-76 சரக்கு விமானத்தில் மாட்டி வானில் ஓட்டிப் பார்த்தார்கள். இங்கே எஞ்சினை வானில் சோதிக்கும் விமானமும் இல்லை, உயரத்துக் காற்றழுத்தத்தைத் தரையில் உண்டாக்கும் சோதனைக்கூடமும் இல்லை. ஒவ்வொரு சோதனைக்கும் பெட்டி கட்டி ரஷ்யாவுக்கு அனுப்பி, முறைக்குக் காத்திருந்து, திருத்தி, மறுபடி அனுப்ப வேண்டும்.

ஆனால் உள்ளே முள்ளாக நிற்பது ஒரு சின்னப் பொருள்: டர்பைன் பிளேடு. உள்ளங்கையில் அடங்கும். அதன் மேல் பாயும் வாயுவின் வெப்பம், அந்த உலோகம் உருகும் வெப்பத்தைவிட அதிகம். பிறகு உருகாமல் எப்படி நிற்கிறது? உள்ளே நுண்ணிய காற்றுப் பாதைகள் ஓடுகின்றன. மேலே செராமிக் பூச்சு. உலோகமோ முழுக்க ஒரே படிகம். சாதாரண உலோகத்தில் சர்க்கரைக் கட்டி போலச் சிறு சிறு படிகங்கள் ஒட்டிக்கிடக்கும். சூட்டிலும் இழுவிசையிலும் அந்த ஒட்டிய எல்லைகளில்தான் விரிசல் விடும். எல்லையே இல்லாவிட்டால் விரிசலுக்கு இடமில்லை.

செய்முறை இப்படி. காற்றுப் பாதைகளின் வடிவத்தில் முதலில் ஒரு செராமிக் கரு. அதைச் சுற்றி மெழுகை ஊற்றி பிளேடு வடிவம். அந்த மெழுகு பிளேடைச் செராமிக் குழம்பில் தோய்ப்பது, மணல் தூவுவது, காயவைப்பது என்று பல அடுக்கு ஓடு கட்டுவார்கள். நீராவி அழுத்தத்தில் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு ஓட்டைச் சுடுவார்கள். பிறகு வெற்றிட உலையில், நிக்கல் கலப்புலோகத்தைச் சுமார் 1,500 டிகிரியில் ஊற்றி, அச்சை உலையிலிருந்து நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் கீழே இறக்குவார்கள். அடியில் பன்றிவால் போல ஒரு சுருள் பாதை. கீழிருந்து பல படிகங்கள் போட்டி போட்டு வளர்ந்து வந்தாலும் அந்தச் சுருளைத் தாண்டி மேலே ஏறுவது ஒன்றே ஒன்று. அது பிளேடு முழுதும் பரவும். ஆறியதும் சூடான காரத்தில் போட்டுச் செராமிக் கருவைக் கரைத்து எடுத்தால் உள்ளே காற்றுப் பாதை மிஞ்சும்.

எங்கே கெடும்? கரு அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒரு பக்கச் சுவர் மெலிந்துவிடும், அது கழிவு. இறக்கும் வேகம் சற்றுப் பிசகினால் ஓரத்தில் வேறொரு படிகம் முளைக்கும், அதுவும் கழிவு. எல்லாம் சரியாக வந்த பிளேடைச் சம்மட்டியால் தட்டியது போல் கையாண்டுவிட்டு வெப்பப் பக்குவத்துக்குள் வைத்தால் அடிபட்ட இடத்தில் புதுப் படிகம் உண்டாகும், கழிவு. இந்தப் பக்குவத்தை எந்த நாடும் எளிதில் காகிதத்தில் எழுதி விற்பதில்லை. ஹைதராபாத் டி.எம்.ஆர்.எல். உலோக ஆய்வகம் 2021-ல் ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக 60 ஒற்றைப் படிக பிளேடுகளை எச்.ஏ.எல்.-க்குக் கொடுத்தது. ஆகவே வித்தை இங்கே வந்துவிட்டது. அதைப் போர் விமான எஞ்சின் அளவுக்கு, ஆயிரக்கணக்கில், குறைந்த கழிவோடு செய்வது இனிமேல்தான். காவேரியும் முற்றாகச் செத்துவிடவில்லை. பின்னெரி (எஞ்சினின் பின்புறம் மறுபடி எரிபொருளை எரித்து உந்துவிசை கூட்டும் பகுதி) இல்லாத வடிவம் ஆளில்லா விமானத்துக்காகத் தயாராகிறது.

கே: சரி, எஞ்சின் கப்பலில் வந்து இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதமே விமானம் கிடைத்துவிடுமா? (சேலம் வாசகர்)

ப: கிடைக்காது. எஞ்சின் பெரிய காரணம்தான், ஒரே காரணம் இல்லை. 2024-25-ல் எல்லாப் பழியையும் எஞ்சின் மேல் போட்டது எச்.ஏ.எல்.-க்கும் கொஞ்சம் வசதியாகப் போய்விட்டது.

மார்க்-1ஏ-யில் இஸ்ரேலிய ஏசா ரேடார், ஜாமர், புதிய கணினி, அஸ்திரா ஏவுகணை எல்லாம் ஒன்றோடொன்று பேச வேண்டும். ரேடாரும் ஜாமரும் ஒரே அலைவரிசைப் பகுதியில் வேலை செய்பவை. ஜாமர் கத்தும்போது சொந்த ரேடாரின் காது அடைத்துப்போகும். ஆகவே ஒன்று பேசும் நொடித்துணுக்கில் மற்றது வாய்மூடும்படி மென்பொருளில் நேரம் பிரிக்க வேண்டும். ஏவுகணைக்கும் படிகள் உண்டு. முதலில் மாட்டிக்கொண்டு சும்மா பறப்பது, பிறகு பாதுகாப்பாகப் பிரிகிறதா என்று போட்டுப் பார்ப்பது, கடைசியில் இலக்கை நோக்கி ஏவுவது. மூன்றாம் படியில் ஒரு பிழை தெரிந்து மென்பொருளைத் திருத்தினால், அந்தத் திருத்தம் வேறு எதையும் கெடுக்கவில்லை என்று காட்ட முன்பு செய்த சோதனைகளில் பலவற்றைத் திரும்பச் செய்ய வேண்டும். கடைசி ஐந்து சதவீத வேலை ஒரு வருடத்தைத் தின்பது இப்படித்தான். அமெரிக்காவின் எஃப்-35-க்கே புதிய மென்பொருள் தயாராகாமல் 2023 ஜூலை முதல் ஒரு வருடம் ஒப்படைப்பு நின்றது. செய்து முடித்த விமானங்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள்.

கணினியும் தனிக் கதை. போர் விமானத்துக்கு வயது நாற்பது, சிப்புக்கு வயது பத்து. சிப் கம்பெனி நிறுத்தப்போகிறேன் என்று கடிதம் அனுப்பினால், கடைசி முறையாகப் பெட்டி பெட்டியாக வாங்கி வைக்க வேண்டும், அல்லது கணினியைப் புதிதாக வரைய வேண்டும். மார்க்-1ஏ-க்கான புதிய உள்நாட்டுக் கட்டுப்பாட்டுக் கணினி 2024 பிப்ரவரி 19-ல்தான் முதலில் பறந்தது. நான்கு தடங்களாக ஓடும் கணினி அது. ஒரு தடம் உளறினால் மற்ற மூன்றும் அதை ஓரங்கட்டிவிடும்.

கே: தேஜஸின் இறக்கையைக் கோயம்புத்தூரில் செய்கிறார்களாமே? இறக்கையில் தாமதம் வருவதற்கு என்ன இருக்கிறது? (பொள்ளாச்சி வாசகர்)

ப: ஆமாம், எல் அண்ட் டி கோவை ஆலையிலிருந்து இறக்கைகள் 2025-ல் போக ஆரம்பித்தன. காற்று உள்ளிழுக்கும் பகுதி கோவையின் எல்.எம்.டபிள்யூ. நடு உடல் ஹைதராபாத் வெம் டெக்னாலஜிஸ், முன் உடல் டைனமாடிக், பின் உடல் ஆல்ஃபா டோகால். எச்.ஏ.எல். எல்லாவற்றையும் தானே குடைந்து கோர்ப்பதை விட்டு, முழுப் பகுதிகளாக வாங்கிச் சேர்ப்பது நல்ல மாற்றம்.

தாமதம் துளை போடுவதில் வரும், நம்புங்கள். இறக்கையின் மேல்தோல் கார்பன் இழை. உள்ளே இருக்கும் சட்டத்தில் உலோகமும் உண்டு. இரண்டையும் சேர்த்துத் துளைக்க வேண்டும். கார்பன் துரப்பண முனையைச் சீக்கிரம் மழுக்கும். மழுங்கிய முனை மறுபக்கம் வெளியேறும்போது இழை அடுக்குகளைப் பிய்த்துவிடும். அதனால் இத்தனை துளைக்கு ஒரு முனை என்று எண்ணி மாற்ற வேண்டும், பின்னால் தாங்குபலகை வைக்க வேண்டும். உலோகச் சுருள் கார்பன் துளையின் வாயைக் கீறாமல் உறிஞ்சி எடுக்க வேண்டும். இறக்கையே எரிபொருள் தொட்டி என்பதால் ஒவ்வொரு ஆணியும் சீலன்ட் தடவி, அது இறுகுவதற்குள் போட்டாக வேண்டும். ஒரு துளை பெரிதாகிவிட்டால் தூக்கி எறியவும் முடியாது, மறைக்கவும் முடியாது. விலகல் அறிக்கை எழுதி வடிவமைப்பாளருக்கு அனுப்பி, அவர் கணக்குப் போட்டு, பெரிய ஆணி போடலாம் என்று அனுமதி தரும்வரை அந்த இறக்கை ஜிக்கிலேயே படுத்திருக்கும். ஜிக் காலியாகாமல் அடுத்த இறக்கை ஏறாது. புது ஆலையில் முதல் சில ஜோடிகளுக்கு இப்படித் தாள் குவிவது இயல்பு.

இன்னொன்று: ஒரு விமானத்தின் மூடியை அதே விமானத்தில் பொருத்திப் பார்த்துத் துளைத்தால், அந்த மூடி அடுத்த விமானத்துக்குச் சேராது. ஸ்குவாட்ரனில் உதிரி மாற்றும் மெக்கானிக்கின் வயிற்றெரிச்சலுக்கு இது காரணமாகும். ஜிக்கும் அளவீடும் சரியாக இருந்தால்தான் எந்த மூடியும் எந்த விமானத்துக்கும் பொருந்தும்.

கே: 1998 அணுகுண்டு சோதனையால் தேஜஸ் பாதிக்கப்பட்டது என்பது உண்மையா? (விழுப்புரம் வாசகர்)

ப: உண்மை. தேஜஸ் வேண்டுமென்றே நிலைப்பு குறைவாக வடிவமைத்த விமானம். கணினி இல்லாமல் பைலட்டால் ஒரு நிமிடம்கூட ஓட்ட முடியாது. அந்தக் கணினிக்கான வேலை அமெரிக்காவின் பிங்காம்டனில் ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து நடந்துகொண்டிருந்தது. சோதனைக்காக அமெரிக்கா தடை போட்டதும் நம் பொறியாளர்கள் வெளியேற வேண்டியதாயிற்று, கருவிகளும் அங்கேயே நின்றன. பெங்களூர் என்.ஏ.எல். என்ற தேசிய விமானவியல் ஆய்வகத்தில் இருந்த குழு இங்கேயே மீதியை முடித்தது. முதல் பறப்பு 2001-க்குத் தள்ளிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் கட்டுப்பாட்டு விதிகள் (கணினி விமானத்தை நிலையாக ஓட்டும் கணக்குகள்) முழுக்க நம் கைக்கு வந்தது அதனால்தான்.

கே: 64 சதவீதம் உள்நாட்டுப் பொருள் என்கிறார்கள். எஞ்சினே வெளிநாடு, பிறகு எப்படி? (தஞ்சை வாசகி)

ப: சதவீதம் என்றால் எதன் சதவீதம் என்று கேளுங்கள். பாகங்களின் எண்ணிக்கையா, விலையா? எண்ணிக்கையில் ஓர் ஆணியும் ஒன்று, ஓர் எஞ்சினும் ஒன்று. 2015-ல் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, மார்க்-1-இல் உண்மையான உள்நாட்டுப் பங்கு சுமார் 35 சதவீதம்தான் என்று சொன்னது. 97 விமான ஒப்பந்தத்தில் 64-க்கு மேல் என்பது உள்நாட்டு உத்தம் ரேடார், ஸ்வயம் ரக்ஷா கவசம் என்ற மின்னணுக் காப்பு முதலியவற்றைச் சேர்த்து வருவது. எஞ்சின், பைலட் இருக்கை ஆகியவை வெளியிலிருந்துதான். சப்ளை நிற்கும்போது சதவீதம் துணைக்கு வராது. இருக்கை ஒன்று வராவிட்டாலும் விமானம் நிற்கும்.

கே: ஆவடியில் ஏதாவது செய்கிறார்களா? (அம்பத்தூர் வாசகர்)

ப: செய்கிறார்கள். டாங்கிக்குப் பெயர்போன ஆவடி சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகம் வடிவமைத்த ஒரு தண்டு, எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்குச் சக்தி கடத்துவது, 2023 மார்ச் 14-ல் தேஜஸில் பறந்து தேறியது.

கே: மொத்தம் 180 விமானம் எப்போது வந்து முடியும்? (ஈரோடு வாசகர்)

ப: பெங்களூரின் இரண்டு லைனில் வருடத்துக்கு 16, நாசிக்கில் 8 என்பது எச்.ஏ.எல். கணக்கு. நாசிக்கின் முதல் விமானம் 2025 அக்டோபர் 17-ல் பறந்தது. 24 வீதம் போனால் ஏழரை வருடம். 16-லேயே நின்றால் பதினொன்றுக்கு மேல். ஆனால் லைனின் திறனைப் பார்த்துத் தேதி குறிக்காதீர்கள். வருடத்துக்கு எத்தனை எஞ்சின் இறங்குகிறது என்று பாருங்கள். எஞ்சின் 12 வந்தால் மூன்று லைன் இருந்தும் விமானம் 12தான். 97 விமானங்களை 2027-28 தொடங்கி ஆறு வருடத்தில் என்றுதான் ஒப்பந்தமும் சொல்கிறது. சராசரி 16.

கே: மெக்கானிக்கல் டிப்ளமோ முடிக்கப்போகிறேன். இந்தத் துறைக்குப் போக என்ன கற்க வேண்டும்? (கரூர் மாணவி)

ப: வடிவமைப்புக்கே எல்லாரும் ஓடுகிறார்கள், ஆள் பற்றாக்குறை வேறு இடத்தில். எக்ஸ்ரே, அல்ட்ராசானிக், சாய ஊடுருவல் ஆகிய சிதைக்காத சோதனைகளில் இரண்டாம் நிலைச் சான்று பெறுங்கள். சி.எம்.எம். என்ற முப்பரிமாண அளவீட்டு இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வரைபடத்தில் ஜி.டி. அண்ட் டி. (அளவிலும் வடிவத்திலும் அனுமதிக்கும் விலகல்) குறியீடுகளைத் தடுமாறாமல் படிக்க வர வேண்டும். விமானத் துறையின் ஏஎஸ்9100 தரமுறையில் முதல் உருப்படி ஆய்வு அறிக்கையை எப்படி நிரப்புவது என்று ஒரு முறை உட்கார்ந்து பழகுங்கள். நேர்முகத் தேர்வில் வெர்னியரைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்வார்கள். அளப்பதற்கு முன் அதில் பூஜ்யப் பிழை இருக்கிறதா என்று பார்க்க மறந்துவிடாதீர்கள்.